மணி பிளாண்ட் பாட்டில்

எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கின் கீழே டெங்கி எச்சரிக்கைப் பதாகை சிவப்பாகத் தொங்கிய வாரம், மேலுக்கு அடித்துக்கொள்ளும் கொசு ஸ்ப்ரே எங்கும் கிடைக்கவில்லை. தேக்கா கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன்.

"முடிஞ்சிருச்சுலா, அடுத்த வாரம் வாங்க," என்றார் கடைசிக் கடைக்காரர்.

பதுக்கி வைத்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

மறுநாள் வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரிப் பெண், சமையலறை சன்னலில் இருந்த மணி பிளாண்ட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன.

"அங்கிள், கடைசியா எப்ப தண்ணி மாத்துனீங்க?"

நான் மாற்றியதே இல்லை. என் மனைவி இருந்தவரை வாரந்தோறும் அவள்தான் மாற்றுவாள். அவள் இறந்த பிறகு இந்த இரண்டு மாதமும், குறையக் குறைய மேலே கொஞ்சம் ஊற்றி வந்தேன். அவள் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டாவது அடியில் இருக்கட்டும் என்றுதான்.

"மறந்துட்டேம்மா," என்றேன்.

சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை என்னையே கொட்டச் சொன்னார். கவிழ்த்தேன். இரண்டு மாதம் காத்து வைத்தது, காலியாக மூன்று நொடிகூட ஆகவில்லை.