பவளத்துக்கு என்னவென்று கடைசிவரை தெரியவில்லை

சரக்... சரக்...

காலையில் பல் துலக்கப் போகும்போதே அந்தச் சத்தம் கேட்கும். பவளம் தென்னைமரத்தில் கழுத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். மரப்பட்டையில் செவலை முடி ஒட்டியிருக்கும். சில நாள் ரத்தமும்.

பவளம் எங்கள் குதிரை. காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டம். அந்தியூர்ச் சந்தையில் பார்த்து, ஆசைப்பட்டு, அப்பா பிடித்து வந்தது. ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கெல்லாம் இல்லை.

"மாடு கறக்குது, ஆடு குட்டி போடுது... இது என்னத்துக்குங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "பாக்கறதுக்கு" என்றார் அப்பா.

நான் பத்தாவது படித்த வருடம் மழை பிடித்ததும் அது ஆரம்பித்தது. முதலில் பிடரியோரம் சின்னச் சின்னத் தடிப்பு. அப்புறம் முடி கொட்டி, தோல் பட்டை பட்டையாக உரிந்து, வால் அடிவரை போய்விட்டது. தீனி தின்பாள், தண்ணீர் குடிப்பாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அரிப்பு மட்டும் நிற்காது.

பெரியப்பாவின் கட்டுத்தறி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். அவருடைய மாடுகளெல்லாம் அங்கேதான். ஒருநாள் வேலியோரம் நின்றபடியே அப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி... இது மாட்டுக்கு ஒட்டுச்சுன்னா நான் எங்க போறது? ஆடி முடியறதுக்குள்ள ஆறலீன்னா சந்தைக்கு ஓட்டிப்போடு."

"இந்தக் கோலத்துல இத எந்த நல்லவன் வாங்குவானுங்ணா?"

பெரியப்பா கட்டுத்தறிப் பக்கம் திரும்பி நடந்தார். அப்படிப்பட்ட குதிரையை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும். அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

கால்நடை டாக்டர் வந்தார். தோலைச் சுரண்டி எடுத்துப் போய்ப் பார்த்தார். பூஞ்சை இல்லை, சொறிப்பூச்சி இல்லை. "ஈக்கடி ஒத்துக்காம இருக்கலாம், தீவனமா இருக்கலாம்... உறுதியாச் சொல்ல முடியலைங்க" என்றார். பிறகு, "இப்ப என்னென்ன போடறீங்க?" என்று கேட்டார்.

அப்பா சொல்லச் சொல்ல டாக்டர் முகம் மாறியது. வேப்பெண்ணெய்... குப்பைமேனியும் மஞ்சளும்... கந்தகம்... ஒர்க்‌ஷாப்பிலிருந்து யாரோ கொண்டுவந்த கழிவு ஆயில்...

"இத்தனையும் யாருங்க போடச் சொன்னாங்க?"

"வாரவங்க எல்லாருமேங்க."

எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. வீடு தேடி வந்து, "ஏனுங்க, இதையும் ஒருக்கா போட்டுப் பாருங்களே" என்று ஒருவர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எங்கள் அப்பாவுக்கு வாய் வராது. கொண்டுவந்தவர் மனம் நோகக்கூடாது என்று அவர் கண்ணெதிரிலேயே பூசுவார். பவளம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பாள், பாவம்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க. வெறும் தண்ணி. சாயங்காலமானா ஈ அண்டாம மேல ஒரு பருத்தித் துணி. முதல்ல அந்தத் தோல் எப்படி இருக்குன்னு நான் பாக்கோணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி போன புழுதி அடங்கவில்லை, எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு கேனோடு வந்து இறங்கினார்.

"மாப்பிள்ள, புங்க எண்ணெயில காய்ச்சுனது. ஒரே வாரம். குதிர கண்ணாடியாட்ட மின்னும் பாருங்க!"

அப்பா கையை நீட்டியே விட்டார். கட்டிய மனைவியின் அண்ணன்... எப்படி மறுப்பது?

அம்மா வாசலிலேயே குறுக்கே வந்து நின்றார். "அண்ணா, குதிர விரதமுங்க."

"என்ன அம்மணி... குதிரைக்கு விரதமா?"

"கருப்பராயனுக்கு வேண்டியிருக்கோம். ஆடி முடியற வரைக்கும் மேல ஒரு சொட்டு எண்ணெ படக்கூடாது. கேன வெச்சுட்டு உக்காருங்க, காப்பி போடறேன்."

மாமா கேனைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி விஷயத்தில் யார் குறுக்கே பேசுவது?

அவர் போனபிறகு அப்பா மெதுவாகக் கேட்டார். "நீ எப்பப் புள்ள வேண்டுன?"

"இப்பத்தானுங்க. வாசல்ல நிக்கறப்ப."

செய்தி ஊருக்குள் பரவியது. அதன்பின் ஒருவரும் எதையும் கொண்டுவரவில்லை. வந்தவர்கள் தூர நின்று பார்த்துவிட்டு, "சாமி பாத்துக்கும்" என்று சொல்லிப் போனார்கள். பவளத்தின் தோலுக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்தது என்று நினைக்கிறேன். சிவப்பு தணிந்தது. பிடரியில் பூனைமுடி போல லேசாக ஏதோ முளைத்தது. ஆனால் ஆறவில்லை. வாலடியில் அப்படியேதான் இருந்தது.

ஆடி முடிந்ததும் பெரியப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மாவும் நானும் சமையற்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தோம். பெரியப்பா குதிரையை முன்னும் பின்னும் பார்த்தார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"ஒட்டறதா இருந்தா இத்தன நாள்ல மொதல்ல உனக்குத்தான்டா ஒட்டியிருக்கோணும்... இருந்துட்டுப் போகட்டும் போ."

அம்மா கருப்பராயனுக்குப் பொங்கல் வைத்தார். வாசலில் நின்று வேண்டினாலும் வேண்டுதல் வேண்டுதல்தானாம்.

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் அது வந்தது. வெயில் ஏறியதும் தணிந்தது. காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. நான் காலேஜ் முடிக்கும்வரை பவளம் எங்களோடுதான் இருந்தாள்.

இப்போது பீளமேட்டில், பிளாட்டின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மகளுக்கு முழங்கை மடிப்பில் அதேபோல ஒரு தடிப்பு, வருவதும் போவதுமாக. அன்றைக்கு அந்த நோய்க்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. இன்றைக்கு என் போனில் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன... ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயம். குழந்தையை யாரும் சந்தைக்கு ஓட்டச் சொல்லப் போவதில்லை, தெரியும். ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

சாயங்காலம் அப்பாவிடம் போனில் கேட்டேன். "அப்பா, பவளத்துக்கு என்னன்னே தெரியாம இருந்துச்சே... உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"பயந்தேன் கண்ணு. அதுக்குத் தெரியாமப் பயந்தேன்."

கட்டிலில் மகள் புரண்டு கண்ணைத் திறந்தாள். நான் அவள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னம்மா பாக்கறே?"

"ஒண்ணுமில்ல தங்கம். உன்னத்தான்" என்றேன்.