உள்ளிருந்து வந்த ஈசல்

ஈசலுக்குப் பயப்படுகிறவளைக் கண்டால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். பாம்பைக் கண்டால் தடியெடுக்க எனக்குத் தெரியும். தேளைச் செருப்பால் அடித்திருக்கிறேன். ஆனால் இந்தச் சிறகு முளைத்த கறையானைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் எழும்பி வாசலுக்கு ஓடுகிறேன். அதற்குக் காரணம் ஈசல் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சண்டை முடிந்து நாலாவது மாரி. எத்தாளை என்ற ஊருக்குக் கொஞ்சம் இப்பால், மணல் தரையில் எங்கள் வீடு. மச்சான் மன்னார்ப் பக்கம் போயிருந்தார். மச்சான் என்பது என் கணவர். மாமி மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். சின்ன வயதில், சண்டையில் எங்கள் சனத்தை அங்கிருந்து துரத்தியபோது, நாங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டு வளவு அங்கே காடாகிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கிவிட்டு வர ஒரு கிழமையாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் தனி.

அன்று பின்னேரம் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. பொழுதுபட மக்ரிப் தொழுதுவிட்டு முசல்லாப் பாயை மடிக்கும்போது லைட்டைச் சுற்றி ஒன்று பறந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. மழை விட்டால் ஈசல் வருவது புதிதில்லை. உள்ளே லைட்டை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, வெளியே விளக்குக்குக் கீழே ஒரு பேசின் தண்ணீர் வைத்தால் எல்லாம் அதற்குள் விழுந்து செத்துப்போகும். அதையெல்லாம் செய்தேன். வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே செய்தேன். ஜன்னல் சாத்திய பிறகும் வீட்டுக்குள் அவை குறையவில்லை, கூடின.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு தேடினேன். குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரை சுவரோடு சேருமிடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதற்குள்ளிருந்து அவை ஒன்றன்பின் ஒன்றாக அவசரமில்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தன. ஏறி வந்து, சிறகை ஒருமுறை உதறி, என் முகத்துக்கு நேரே பறந்தன. நான் கத்தினேனா என்று ஞாபகமில்லை. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து வாசலில் நின்றது ஞாபகமிருக்கிறது.

காலையில் தரை முழுக்கச் சிறகு. கூட்டிக் கூட்டி ஒரு ஓலைக் கடகம் நிறைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா நின்றார். ராத்தா என்றால் அக்கா, ஆனால் அவர் எனக்கு உடன்பிறந்தவரில்லை. பக்கத்து வளவுக்காரி, இந்த மண்ணிலேயே பிறந்தவர். எங்கள் சனம் வெறுங்கையோடு இந்தக் கரைக்கு வந்து இறங்கியபோது, தன் வளவில் இருந்த கிணற்றின் ஒரு பாதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தது அவருடைய வாப்பா. வேலி இன்றைக்கும் கிணற்றின் நடுவால் போகிறது. அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி. எங்களை அகதி என்று சொன்னவர்கள் ஊரில் இருந்தார்கள். அந்தக் கிணற்றடியில் ஒருநாளும் அந்தச் சொல் வந்ததில்லை.

செத்த ஒன்றையும் உயிரோடு ஊர்ந்த ஒன்றையும் ராத்தாவிடம் நீட்டினேன். அவர் உள்ளங்கையில் போட்டு வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எறும்புக்கும் சிறகு முளைக்கும் புள்ள. ஆனா அதுக்கு இடுப்பு ஒடுங்கி இரிக்கும், முன் சிறகு நீளம், பின் சிறகு கட்ட. இதப் பாரு, நாலு சிறகும் ஒரே அளவு. இடுப்பெண்டே ஒண்டு இல்ல. இது கறையான்தான். எங்கால வந்திச்சி?"

"குசினிக்குள்ளால ராத்தா. நிலத்துக்குள்ள இருந்து."

அவர் முகம் மாறியது. கையிலிருந்ததை உதறிவிட்டார்.

"வெளியால வந்தா கூட்டித் தள்ளிட்டுப் போவலாம். உள்ளுக்கிருந்து வந்தா, கூடும் உள்ளுக்குத்தான். உன்ட மாப்புள வரட்டும். ஒரு மேசனக் கூட்டி நிலத்தத் தோண்டிப் பாருங்க. அது வரைக்கும் நீ ஒண்டும் செய்யப் போவாத."

சொன்னவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவருடைய மகள் படுத்திருந்தாள். நிறைமாதம். தலைப்பிள்ளை என்பதால் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ராத்தாவுக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே இல்லை.

நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டைக் கட்டிய விதம் அப்படி. முதலில் இருந்தது தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில். ஊருக்குத் திரும்பிப் போகத்தானே போகிறோம், அடுத்த வருஷம் போய்விடுவோம் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கொட்டிலில் வருஷங்கள் ஓடின. பிறகு கல்வீடு கட்டத் தொடங்கியபோது இருக்க வேறு இடமில்லை. ஆகவே கொட்டிலுக்குள் நாங்கள் இருக்க, அதைச் சுற்றிச் சுவர் எழும்பியது. கடைசியில் கிடுகைக் கழற்றி, கம்புகளைத் தரையோடு அறுத்துவிட்டு, அதற்கு மேலேயே சீமெந்து போட்டார்கள். அடிக்கட்டைகளை யாரும் பிடுங்கவில்லை. இருக்கப்போகிற வீடா இது, எதற்கு மினக்கெட வேண்டும் என்று மச்சான் சொன்னார். நானும் ஓம் என்றேன். எங்களைப் போல வந்தவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் கட்டினார்கள்.

அன்று பின்னேரமும் அவை வந்தன. இந்த முறை சுவரைக் கவனித்தேன். அலுமாரிக்குப் பின்னால் பென்சில் தடிப்பில் ஒரு மண்கோடு. தரையிலிருந்து நேராக ஏறி, கூரைக் கைமரத்தில் போய் முடிந்திருந்தது. அகப்பைக் காம்பால் கதவு நிலையைத் தட்டினேன். ஒரு இடத்தில் டக் என்றது. அடுத்த இடத்தில் வெறும் டப்பா மாதிரிச் சத்தம். நான் படுக்கும் இடத்துக்கு நேர்மேலேதான் அந்தக் கைமரம். ஓடு முழுக்கத் தலையில் இறங்கும் என்று நினைத்தேன். மச்சானுக்கு போன் எடுத்தால் அங்கே சிக்னல் இல்லை. பாயைத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் போட்டேன்.

விடிந்ததும் செய்தேன் அந்த வேலையை.

பின்வளவுச் சாமான் கொட்டகையின் கூரையில், மச்சான் தன் வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து ஒரு போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது. பூச்சி சாகிற மருந்துதானே. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, அளவும் பார்க்காமல், பெரிய வாளித் தண்ணீரில் அத்தனையையும் கலந்து அந்த வெடிப்புக்குள் ஊற்றினேன். ஒரு வாளி போனது. இன்னும் ஒரு வாளி போத்தலைக் கழுவி ஊற்றினேன். தரை எவ்வளவு கொடுத்தாலும் குடித்தது. செத்துத் தொலையுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ராத்தா ஒன்றும் செய்யாதே என்றாரே, பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். குசினிச் சுவரிலிருந்து கிணற்றுக்கு எட்டுக் காலடி. வாளியை இழுத்து முழங்கை வரை கழுவினேன். கழுவிய தண்ணீர் மணலில் விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் இல்லாமல் போனது. நான் அந்த ஈர இடத்தைப் பார்த்தேன். பிறகு குசினிச் சுவரைப் பார்த்தேன். பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். மாரியில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறி நின்றது. எங்கள் தரைக்குக் கீழே இருப்பதும் இதே மணல், இதே தண்ணீர்.

அந்த நேரம்தான் அந்தப் பக்கக் கப்பி சுழன்றது. ராத்தா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூஞ்சி என்னத்துக்குப் பேயறஞ்ச மாதிரி? ராத்திரியும் வந்திச்சா?"

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே வாளியைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். "ஓம் ராத்தா" என்று மட்டும் சொன்னேன். அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். எனக்குப் பயம். ஊற்றி அரை மணித்தியாலம்கூட இல்லை, அதற்குள் எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் கிணறு போய்விடும் என்று பயந்தேன். கிணற்றைக் கொடுத்த வீட்டுக்கே நஞ்சு வைத்த அகதி என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன். அதைவிட மோசமாகவும் ஒன்றைச் சொல்வார்கள் என்று பயந்தேன். எனக்குப் பிள்ளையில்லை, அந்த வீட்டில் நிறைமாதக்காரி. பொறாமையில் செய்தாள் என்று ஒரு வாய் தொடங்கினால் போதும். இவ்வளவையும் எனக்காகவே பயந்தேன். அந்தப் பெண்ணுக்காகவும் அவள் வயிற்றுப் பிள்ளைக்காகவும் பயப்பட எனக்கு நடுப்பகல் தாண்டிவிட்டது.

மதியத் தொழுகை லுஹருக்கு எழும்பினேன். கை, முகம் கழுவி ஒளு எடுக்கத் தண்ணீரைத் தொட முடியவில்லை. தொழாமல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் கப்பி கிறீச்சிட்டபோதும் எண்ணிக்கொண்டேன். மூன்று தடவை சுழன்றது. அதற்குப் பிறகுதான் அவளுடைய சத்தம் கேட்டது. ராத்தாவின் மகள், "உம்மா, வயிறு" என்று கத்தினாள்.

நான் வேலியைச் சுற்றிப் போகவில்லை. பிய்த்துக்கொண்டு போனேன். கையில் கம்பி கிழித்த தழும்பு இப்போதும் இருக்கிறது. ராத்தா மகளின் தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் ஒரு குவளையை வைத்துக்கொண்டிருந்தார். குவளையைத் தட்டிவிட்டேன். அது சுவரில் மோதி உருண்டது.

"தண்ணி குடுக்காதீங்க ராத்தா. நான் மருந்து ஊத்திட்டன். குசினிக்குள்ள. வெங்காய மருந்து. காலம ஊத்தினன். உங்களுக்குச் சொல்லேல்ல."

ராத்தா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. "ஓட்டோவக் கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரி வரை ராத்தாவின் மகள் என் கையைத்தான் நசுக்கிப் பிடித்திருந்தாள். வழி முழுக்க ராத்தாவின் வாய் மட்டும் ஓதிக்கொண்டே வந்தது. நானும் ஓதினேன். என்னுடைய துஆவைப் படைத்தவன் ஏற்றுக்கொள்வானா என்று தெரியாமலேயே ஓதினேன்.

அது பிரசவ வலி. நஞ்சின் அறிகுறி எதுவும் இல்லை என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் தாயையும் பிள்ளையையும் சில நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார். ஆண் குழந்தை. நான் பிரசவ வாட்டு வாசலில் நின்று பார்த்தேன். ராத்தா குழந்தையை என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மச்சான் ஓடி வந்தார். கிணற்றைத் தகரம் போட்டு மூடினோம். சுகாதாரப் பரிசோதகர் வந்து, தரையில் ஊறிய மண் முழுவதையும் அள்ளித் தனியாக எடுத்துப்போகச் செய்தார். மேசன் குசினித் தரையை உடைத்தபோது பழைய கொட்டிலின் அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வெளிப் பட்டை மட்டும் கம்பு மாதிரி இருந்தது, உள்ளே மண்ணும் கறையானும். என் மருந்து பட்டது முதல் கட்டைக்கு மட்டும்தான். மற்றதெல்லாவற்றிலும் அவை சுகமாக இருந்தன. பதினொரு கட்டைகளையும் மச்சான் தன் கையாலேயே தோண்டி எடுத்து எரித்தார். மண்கோடு ஏறிய கைமரத்தை மாற்றினோம். மரநிலைகளைக் கழற்றிவிட்டு கொங்கிரீட் நிலை வைத்தோம். சிறகு விழுந்த இடத்தையெல்லாம் நான் தினமும் குனிந்து பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து வந்தது. ராத்தாவின் குடங்களையும் நான்தான் சுமந்தேன். வாசலில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். பேச்சு இல்லை. கிணற்றுத் தண்ணீரைப் பல தடவை இறைத்து ஊற்றினோம், பல தடவை போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ராத்தாவின் பேரன் குப்புறப் புரளத் தொடங்கிய பிறகுதான் குடிக்கலாம் என்ற கடிதம் வந்தது. மச்சான் அதை வாசித்துக் காட்டினார். ராத்தா கேட்டுக்கொண்டு நின்றார்.

"கடதாசியா தண்ணி குடிச்சிப் பாத்த?" என்றார்.

அவரே தகரத்தைத் தள்ளிவிட்டு, தன் பக்கக் கப்பியால் ஒரு வாளி இழுத்தார். செம்பில் மொண்டு வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

"நீ குடி."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். செம்பை வாங்கினேன். அவ்வளவையும் குடித்தேன். உப்புக் கரித்த அதே பழைய தண்ணீர். தொண்டையில் இறங்கும்போது செத்துப்போவேன் என்றே நம்பினேன்.

"இஞ்சயே இரி. எங்கயும் போவாத" என்றார் ராத்தா. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பின்னேர அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். பாங்கு முடிந்ததும் அவர் வேலிக்குள் கையை விட்டு என் வயிற்றில் வைத்து, நோவிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து குடத்தை நிரப்பினார்.

இப்போது நாங்கள் பழையபடி கதைக்கிறோம். சிரிக்கிறோம், சண்டையும் பிடிக்கிறோம். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் முக்கால்வாசி நேரம் கிடக்கிறான். ஆனால் காலையில் முதல் வாளியை நான்தான் இழுக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் குடிக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா வெறுங்குடத்தோடு நிற்பார். நான் விழுங்கிவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் அவருடைய கப்பி சுழலும்.