கேட்டில் நின்ற அம்மன்

தமிழும் தெலுங்கும் கலந்த நகரிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் எனக்கு வேலை. ஒருநாள் அந்தி மயங்கும் நேரம், வண்டி வருகிறதென்று கேட்டைச் சாத்தியிருந்தேன். எங்கள் ஊர் அம்மன் ஊர்வலம் வந்து அதன் முன்னால் நின்றது. புறப்பட்ட அம்மனை வழியில் நிறுத்தினால் ஊருக்கே கெடுதி என்பார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

வண்டியைக் காணோம். இருட்டிக்கொண்டு வந்தது. பம்பை மேளச் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"கேட் தீயம்மா!" என்று திறக்கச் சொல்லி யாரோ தெலுங்கில் கத்தினார்கள்.

அம்மன் பல்லக்கைச் சுமந்து நின்ற என் சித்தப்பா கெஞ்சினார். "சாமி நின்னுக்கினு கீதும்மா, தொறந்துடு. நாளைக்கு ஊர்ல எதுனா ஆச்சின்னா உன்னத்தான் சொல்லுவாங்க."

"வண்டி போவாம தொறக்க மாட்டேன், சித்தப்பா."

சொல்லிவிட்டேனே தவிர, அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் தனி இன்ஜின் ஒன்று எங்களை உரசுவதுபோல் பாய்ந்து போனது. அது ஊதியது பம்பைச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. அதன் வெளிச்சத்தில்தான் அம்மன் முகத்தைப் பார்த்தேன். பம்பை நின்றுபோயிருந்தது.

இப்போதெல்லாம் கேட்டைச் சாத்தியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். அம்மனுக்கு நான் போடும் கும்பிடு அதுதான்.