விரல் நீளத் தோட்டா

ஆப்பிரிக்காவின் ஜாம்பேசிப் பள்ளத்தாக்கில் தபேராவுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலைதான். காட்டெருமைத் தடம் பார்த்து முன்னால் நடக்க வேண்டும், கையில் வெறும் குச்சியோடு. துப்பாக்கிகள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் வரும். சுட வருகிறவன் எப்படிப்பட்டவன் என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

இந்தத் தடவை காசு கட்டி வேட்டையாடக் கடல் தாண்டி வந்த பிராண்டன் கொண்டுவந்தது மேக்னம் தோட்டா, ஒவ்வொன்றும் விரல் நீளம். சாப்பாட்டு மேஜையில் அவற்றை வரிசையாக நிறுத்திவைத்து, "யானையே உருண்டுடும்ல!" என்று பீற்றிக்கொண்டான். உருளும், யார் இல்லை என்றது? பட வேண்டிய இடத்தில் பட வேண்டாமா?

மறுநாள் குறி பார்க்கும் பயிற்சி. வேட்டைக்குக் கூட்டிப்போகிற காலெட், சுடும்போது மிரளுகிறானா என்று பார்க்க, வழக்கம்போல வந்தவனுக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பிராண்டன் விசையை இழுத்தான். 'டிக்' என்றது, அவ்வளவுதான். அதற்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆள் துள்ளினான். துப்பாக்கி மண்ணைப் பார்த்தது. த்தூ!

"பாஸ், வெடிக்காத தோட்டாவுக்கே இந்தக் குதி குதிக்கிறான். தோள்ல அவ்வளவா உதைக்காத உங்க சின்னத் துப்பாக்கியக் குடுத்துடுங்க," என்றார் தபேரா.

"சொல்லிப் பாத்துட்டேன் ஹுங்வே," என்று தபேராவின் குலப்பெயரைச் சொல்லி முனகினார் காலெட். "கேக்க மாட்டேங்கிறான்."

அடுத்த நாள் காலை நாற்பது கஜத்தில் நின்ற எருமையை வயிற்றில் சுட்டான். அது முட்புதருக்குள் பாய்ந்துவிட்டது. காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வர அங்கே யாருக்கும் உரிமை இல்லை. சுட்ட சூரனோ, "தோள்பட்டையே போச்சுங்க. நான் ஜீப்புல இருக்கேன்," என்று நழுவினான். வெட்கங்கெட்ட ஜென்மம்!

தபேரா குனிந்து ரத்தத்துளி பார்த்துக்கொண்டே உள்ளே போனார். பின்னால் காலெட். எருமை பக்கவாட்டிலிருந்து வந்தது. காலெட் சுட்டு அது சாய்வதற்குள் கொம்பு தபேராவின் தொடையைக் கிழித்துவிட்டது.

காலெட் சட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டு முடிக்கும்போது பிராண்டன் வந்து சேர்ந்தான். தோள்வலி எங்கே போனதோ! எருமைத் தலையருகே மண்டியிட்டு, படத்துக்குச் சிரிக்கத் தொடங்கினான். படம் எடுப்பதற்கு முன் மிருகத்தின் மூக்கிலும் வாயிலும் உள்ள ரத்தத்தைத் தபேரா கழுவிவிடுவது வழக்கம். நொண்டிக்கொண்டே வந்து கழுவினார்.

"அந்தக் கொம்பையும் துடைச்சிடுப்பா. படத்துல அசிங்கமா இருக்கும்," என்றான் பிராண்டன்.

தபேரா தண்ணீர்க் குடுவையை மூடினார்.

"அது என் ரத்தம். இருந்துட்டுப் போகட்டும். எருமைகிட்டப் போனது யாருன்னு படத்துல தெரிய வேண்டாமா?"