மிதித்துப் பார்க்காத பாய்

யோகா பாய் விக்கிறது செருப்பு விக்கிற மாதிரி இல்லைங்க. செருப்பையாவது ஜனங்க போட்டுப் பார்த்து வாங்குவாங்க. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில எட்டு வருஷமா நிக்கிறேன். என்னை மாதிரி நின்னு நின்னு கால் கடுத்தவங்களுக்கும், கம்மி விலையில பாய் தேடப் போய் கண்டதைத் தலையில கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கும் இதைச் சொல்றேன்.

கட்டைவிரல் சோதனை

எங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் பாயை ஒரே மாதிரிதான் சோதிப்பாங்க. கட்டைவிரலால ஒரு அமுக்கு. விரல் உள்ள போனா நல்ல பாய், போகலைன்னா மட்டம். இலவம்பஞ்சுத் தலகாணி வாங்குன பழக்கம், வேறென்ன.

சரோஜா அக்காவும் அப்படித்தான் அமுக்குனாங்க. செல்லூர்ல சௌராஷ்டிரா குடும்பம். வீட்டுக்குள்ளயே குழித்தறி போட்டுச் சேலை நெய்றவங்க. குழியில காலை விட்டு வருஷக்கணக்கா மிதிச்சதுல முட்டி போயிருச்சு. மூணு மாசம் தினமும் தரையில பயிற்சி செய்யணும், அப்பவும் சரியாகலைன்னா தறியை விட்டுரணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். "தறியை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது தம்பி. இருக்கதுலயே விலை கம்மியா ஒண்ணு குடுங்க"ன்னாங்க.

முந்நூத்தம்பது ரூபாய்க்கு மெல்லிசா ஒரு பாய் இருந்துச்சு. நான் அதை எடுக்கவே இல்ல. அறுநூறு ரூபாய்க்கு மெத்தை மாதிரி தடிமனான மொத்தப் பாய் ஒரு கட்டு விக்காமக் கிடந்துச்சு. அதைத் தள்ளிவிட்டா முதலாளிக்கு மனசு குளிரும். அதை விரிச்சேன். அக்கா தங்கச்சிக்குப் போன் போட்டு அவங்க பாஷையில ஏதோ பேசிட்டு, திரும்ப ஒருதடவை அமுக்குனாங்க.

"இம்புட்டு மெத்துன்னு இருக்கே, பாதி வலி இதுலயே போயிரும் போல."

அலங்காநல்லூர் அண்ணன்

அடுத்த வாரம் அலங்காநல்லூர்ல இருந்து ஒரு மாடுபிடிக்காரர் வந்தார். ரெண்டு பாயையும் தரையில விரிக்கச் சொன்னார். செருப்பைக் கழட்டிட்டு மொத்தப் பாய் மேல ஏறி, ஒத்தைக் கால்ல நின்னு பாதத்தைத் திருப்புனார். பாய் சுருங்கி நகர்ந்துச்சு. மெல்லிசுப் பாயில ஏறித் திருப்புனார். அது அசையல.

கல்லாவுல இருந்த முதலாளிக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "விக்கிற சாமானைக் கால்ல மிதிக்கலாமாப்பா?"ன்னு கேட்டார். எனக்கும் அது என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. புதுச் சாமானை நம்ம ஊர்ல யார் மிதிப்பா? மாடுபிடிக்காரர் அசராம மெல்லிசுப் பாயைச் சுருட்டிக்கிட்டே சொன்னார்.

"அண்ணே, வாடிவாசல்ல நிக்கிறவன் மண்ணைக் கையால தடவிட்டா இறங்குவான்? கால்தானே நிக்கப் போகுது."

மேல விரிச்ச சேலை

மூணு வாரம் கழிச்சு சரோஜா அக்கா வந்தாங்க, வலது மணிக்கட்டுல கட்டோட. பாய் அழுக்காகிரக் கூடாதுன்னு அது மேல ஒரு பழைய பட்டுச் சேலையை விரிச்சுப் பயிற்சி செஞ்சிருக்காங்க. கையை ஊன்றி எந்திரிக்கையில பாய் அமுங்க, சேலை வழுக்க, மணிக்கட்டு மடங்கிருச்சு.

சேலை விரிச்சது அவங்க தப்புன்னு சொல்லிட்டு நான் நழுவியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கம்மி விலை கேட்டவங்க கையில இதைத் திணிச்சது யாரு? வெக்கமா இருந்துச்சு. பாயை மாத்தித் தரச் சொல்லிக்கூட அவங்க கேக்கல. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுச் சொன்னாங்க.

"பத்து நாளாப் பயிற்சி இல்ல தம்பி. தறியைப் பிரிச்சிரலாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

ஏறி நில்லுங்கக்கா

மெல்லிசுப் பாயை எடுத்துத் தரையில விரிச்சேன். "ஏறி நில்லுங்கக்கா"ன்னேன். மாட்டேன்னுட்டாங்க. காசு குடுக்காத புதுப் பொருள் மேல கால் வைக்கிறதாவது. "தறியை மிதிக்காமயா சேலை நெய்றீங்க?"ன்னு கேட்டேன். குனிஞ்சு, இடது கையால பாயைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, அப்புறம் ஏறுனாங்க. என் தோளைப் பிடிச்சு ஒரு காலைத் தூக்குனாங்க. பாய் அப்படியே நின்னுச்சு.

இது மேல சேலை, துண்டு எதுவும் விரிக்கக் கூடாது, அழுக்கானா ஈரத்துணியால துடைச்சு நிழல்ல போடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். முதலாளிகிட்ட, மொத்தப் பாயைத் தள்ளிவிட்டது என் தப்பு, மாத்திக் குடுங்கன்னேன். அவர் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிதிச்ச பாயை அந்தம்மாகிட்ட குடு, அவங்க திருப்பித் தர்ற மெத்தையை உன் கணக்குல நீ எடுத்துட்டுப் போ."

கீழ்த்தட்டு

அப்புறம் அக்காவைக் காணவே இல்ல. செல்லூர் பஸ் போகையில எல்லாம் தறியைப் பிரிச்சிருப்பாங்களோன்னு நினைப்பு வரும்.

நாலு மாசம் இருக்கும், ஒருநாள் காலையில வந்தாங்க. பாய் போட்டுக்க ஒரு பை வேணுமாம். பை எல்லாம் கீழ்த்தட்டுல கிடக்கும். நான் எடுக்கிறதுக்குள்ள அவங்களே குத்தவச்சு உக்காந்து, நாலஞ்சைப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, ஒண்ணை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. தட்டைப் பிடிக்கல, தரையில கை ஊன்றல. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு நின்னேன். அவங்களுக்கு அது தெரியவே இல்ல.

"சீக்கிரம் பில்லைப் போடுங்க தம்பி, தறியில பாதிச் சேலை நிக்குது."

எட்டு வருஷமா கையைக் கேட்டு வித்த பொருளைக் காலைக் கேட்டு விக்கணும்னு எனக்குப் புரிய ஒரு மணிக்கட்டு மடங்க வேண்டியிருந்துச்சு, அதுவும் அடுத்தவங்க மணிக்கட்டு.