ரீச்சர் போகாத கூட்டம்

கொழும்பில் குளிரூட்டிய மண்டபமொன்றில், ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி சரவணை ரீச்சர் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவருடைய கணவர் அல்லைப்பிட்டிப் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, கலியாண வீட்டில் குடித்துவிட்டு வந்த ஒருவனின் மோட்டார் சைக்கிள் மோதி இறந்துபோனார். சில மாதங்களில், வீதிப் பாதுகாப்புக்குத் தேசியக் கொள்கை எழுதுகிறார்கள், பாதிக்கப்பட்டவர்களும் வந்து பேசலாம் என்று அழைப்பு வந்தது. துணைக்கு நான் போனேன்.

ரீச்சர் அழவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் பேசினார்.

"தண்டத்தைக் கூட்டுறியள், நல்லது. ஆனால் எங்கடை தீவுப் பக்கம் மறிச்சுச் சோதிக்க ஆர் நிக்கினம்? ஊதிப் பாக்கிற கருவி இல்லையெண்டு விட்டுவிடினம். உங்கடை சட்டம் பண்ணைப் பாலம் தாண்டி வாறேல்லை, ஐயா."

மொழிபெயர்த்து முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும் பஸ்சில், "நான் சொன்னதை எழுதினவை, கண்டனீரோ?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கொள்கை வெளிவந்தது. தண்டமும் கூடியது. எங்கள் தெருவில் எதுவும் மாறவில்லை.

கணவரின் ஆண்டுத் திவசத்தன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் போத்தல் கொண்டுவந்திருந்தார். ரீச்சரின் தம்பி கண் சிவக்க மோட்டார் சைக்கிளில் ஏறியபோது, ரீச்சர் வாசல் படலைக்குக் குறுக்கே போய் நின்று கையை நீட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"திறப்பைத் தா. படுத்திட்டுப் பின்னேரம் போ."

"என்னக்கா, சனத்துக்கு முன்னாலை! நான் நிதானமாத்தான் நிக்கிறன்."

"அத்தானை அடிச்சவனும் கோட்டிலை நீதவானுக்கு இதைத்தான் சொன்னவன்."

பெரியவர் ஒருவர், "விடு பிள்ளை, திவச வீட்டிலை சண்டை வேண்டாம்" என்று ரீச்சரின் கையைப் பிடித்து விலக்கினார். தம்பி போய்விட்டான்.

அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது. "பாத்தியளே அக்கா, ஒண்டும் நடக்கேல்லை" என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது.

அவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததுதான் ரீச்சரைத் தோற்கடித்தது. "விழுந்திருந்தால் மற்றதுகளாவது திருந்தியிருக்குமோ எண்டு ஒருக்கா நினைச்சிட்டன். என்ரை சொந்தத் தம்பியை" என்று சொல்லி, அன்றுதான் என் முன்னால் முதல்முறையாக அழுதார்.

இந்த வருடம் மறுபடியும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. போவோமா என்று கேட்டேன். ரீச்சர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"என்ரை படலையிலை நிண்டவனையே மறிக்க ஏலேல்லை. அங்கை போய் இனி என்னத்தைச் சொல்லுறது?"