முகூர்த்த நாள் பார்த்துப் பஸ் ஏறுகிறவள்

கருமத்தம்பட்டியிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரைக்கும் இந்தச் சில வருஷங்களில் நடந்த கல்யாணம் அத்தனைக்கும் விமலாராணி போயிருக்கிறாள். ஒன்று விடவில்லை. பத்தாயிரம் ஜோடியாவது அவள் கையால் அட்சதை வாங்கியிருக்கும். சரி, பத்தாயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். நான் எதைச் சொன்னாலும் ஒரு கைப்பிடி சேர்த்துத்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் கதை சொல்லியே பழகிய வாய். ஆனால் அதில் ஒரு கல்யாணத்துக்குக்கூட அவளுக்குப் பத்திரிகை வந்ததில்லை என்பதில் எள்ளளவும் கூட்டல் கிடையாது.

இதை எழுதும்போது அவள் என் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தம்.

விமலாராணி எங்கள் வீதிக்காரி. தறிகுடோனில் தார் சுற்றுகிறாள், அதாவது தறியின் நாடாவுக்குள் வைக்கிற நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் ஜோவிதாவை வால்பாறையில் தேயிலை பாக்டரியில் வேலை செய்யும் மெல்வினுக்குக் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவானா என்று பங்குச் சாமியாரை விட்டு விசாரித்தாள். இங்கிருந்து அங்கே போகும் வழியில் பொம்பளைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று விசாரிக்க மட்டும் மறந்துபோனாள்.

ஒருகாலத்தில் குடோனுக்குப் பின்னால் வேலங்காடு இருந்தது. தறிக்காரப் பெண்கள் ரெண்டு ரெண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி காவல். பிறகு காட்டை வெட்டி, கல் நட்டு, சைட் போட்டு விற்றார்கள். மறைவு போயிற்று. மறைவுக்குப் பதிலாக வரவேண்டியது வரவில்லை. ஆண்களுக்குச் சுவர் என்று ஒன்று இருந்தால் போதும். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியிருந்தால் இன்னும் சௌகரியம், இடம் எது என்று தேட வேண்டியதில்லை.

விமலாராணி தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். அப்புறம் விட்டேவிட்டாள். வேலைக்குப் போகும்போது சொம்பைத் தொடமாட்டாள். மகளைப் பார்க்கப் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலமே விரதம். ஏற்கெனவே சர்க்கரை வேறு. ஒருநாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர், “நெறையத் தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கக் கூடாது” என்று ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எங்கே போவது என்பதை மட்டும் சீட்டில் எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓர் ஊரில் கட்டடம் இருக்கும், தண்ணீர் இருக்காது. ஓர் ஊரில் தண்ணீர் இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. இன்னோர் ஊரில் எல்லாமே இருக்கும், வெளியே பூட்டும் இருக்கும். ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். எல்லா ஊரிலும் எனக்குச் சம்பந்திமார் இருக்கிறார்கள்.

கல்யாண விஷயம் தற்செயலாக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழியில் முடியாமல் போய் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். எதிரே ஒரு மண்டபம். வாசலில் குலைவாழை, நாதஸ்வரம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சந்தனக் கும்பாவோடு ஓர் அம்மாள் எதிரே வந்தாள்.

“வாங்க வாங்க. பொண்ணூட்டுப் பக்கமுங்களா?”

“இல்லீங்க, மாப்பளையூட்டுப் பக்கமுங்க.”

“நானும் மாப்பளையூடுதானுங்க. மாப்பளைக்கு அத்தை. நீங்க எந்த ஊருங்க?”

“தூரத்துச் சொந்தமுங்க.”

“தூரமா இருந்தா என்னங்க அம்மணி, வந்தீங்கல்ல. உள்ள வாங்க.”

மணப்பெண் அறைக்குப் பக்கத்திலேயே ஒதுங்குமிடம் இருந்தது. வெள்ளை டைல்ஸ், குழாய் நிறையத் தண்ணீர், பக்கெட்டு, மக்கு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். “வேலை முடிஞ்சும் வெளிய வரலீங்க டீச்சரம்மா. தாழ்ப்பாளையே பாத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன்” என்றாள் என்னிடம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த ஏக்கத்தை, நகைக்கடைக் கண்ணாடி முன் நிற்கிற பெண்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து முகூர்த்த நாள் பார்த்துத்தான் பஸ் ஏறுவாள். இருக்கிற ஒரே பட்டுச்சீலை, தலையில் கொஞ்சம் மல்லிகை. கோயமுத்தூர் தாண்டி வழிநெடுக மண்டபந்தானே. ஒன்றில் இறங்கி, காரியத்தை முடித்து, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். அதற்கும் அவளிடம் ஒரு தர்மம் உண்டு. பந்தியில் உட்காரமாட்டாள், சோறு தின்றால் அது திருட்டு. மேடையேறி அட்சதை போட்டு, அந்த ஜோடிக்காக மனசுக்குள் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிட்டு இறங்குவாள். யார் தங்களுக்காக ஜெபித்தார்கள் என்று தெரியாமலே எத்தனையோ கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். பாதிக் கல்யாண ஆல்பங்களில் ஓர் ஓரத்தில் இவள் நிற்பாள்.

ஒரே ஆபத்து, சாப்பிடாமல் தப்பிப்பது. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அது ஜெயிலை உடைப்பதை விடக் கஷ்டம். கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். வயிற்றுவலி என்று சொல்லித்தான் ஓடிவருவாள்.

மாதாகோயில் காலண்டருக்குப் பக்கத்தில் அவள் வீட்டில் இன்னொரு காலண்டர் தொங்கும், சுபமுகூர்த்தம் போட்டது. “ஏம்மா, வளர்பிறை தேய்பிறை எல்லாம் நமக்கு எதுக்கு?” என்று சாமியார் ஒருதரம் கேட்டார். “பஸ்சுக்குப் போகோணுமுங்களே சாமி” என்றாள். அவருக்கு விளங்கவில்லை. அவர் புல்லட்டில் போகிறவர்.

மலையேறும் ரோடு ஆரம்பிக்கும் முன்னால் கடைசியாக ஒரு மண்டபம் இருக்கிறது. அதற்கு மேலே ஒதுங்க வழியில்லை; ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், யானை நடமாட்டம் என்று போர்டு. அந்தக் கடைசி மண்டபத்தில் போய்விட்டு ஏறினால் வால்பாறை வரைக்கும் தாங்கும். அது அவள் கணக்கு.

இந்தக் கணக்கில் இடிவிழுந்தது ஆடியில். ஜோவிதாவுக்குப் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் வயிற்றுப்பிள்ளையோடு அந்த வளைவுகளில் இறங்க வேண்டாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்தார்கள். விமலாராணி போனில் கெஞ்சினாள். “ஆவணிக்குத் தள்ளிப் போடு கண்ணு. ஆடியில எங்கயும் கல்யாணமில்லையே, நான் எப்படி வாரது?” அங்கே எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றி வருகிற சாமியார். அவர் அந்த லைனுக்கு, அதாவது தோட்டக்காரர் குடியிருப்பு வரிசைக்கு, வருகிற நாள்தான் நாள்.

தறி ஓடாத நேரமெல்லாம் உட்கார்ந்து பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் தைத்தாள். “தலையில தண்ணி ஊத்தறப்போ அவன் என் மடியில இருக்கோணுமுங்க டீச்சரம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். துணைக்கு நானும் கிளம்பினேன்.

வழியில் எந்த மண்டபத்துக்கும் உயிரில்லை. கேட்டுக்குச் சங்கிலி, பந்தக்காலில் காய்ந்த மாவிலை, படியில் தூங்குகிற நாய். கடைசி மண்டபமும் பூட்டு. விமலாராணி கவுன் பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பஸ் ஏறத் தொடங்கியது. ஒன்பதாவது வளைவில் அவள் முகம் வெளுத்தது. “நிறுத்துங்க” என்றேன், வகுப்பறைக் குரலில். டிரைவர் என்னிடம் படித்தவன் போலிருக்கிறது, நிறுத்திவிட்டான். இறங்கினால், ரோட்டோரம் ஒரு கொம்பன் யானை. இவளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. விஷயம் புரிந்துபோய், நல்ல குடும்பத்து ஆண்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடுரோட்டில் குறுக்கே மறைவாக நின்றது. எதிரே வந்த வண்டி ஒன்றையும் விடவில்லை. இவள் வந்து பஸ் ஏறிய பிறகுதான் வழிவிட்டது.

லைன் கோயிலுக்குப் போனபோது சாமியார் எங்களுக்காகக் காத்திருந்தார். பாட்டி மடியில் பேரன், தலையில் தண்ணீர் விழுந்தது. விழுந்ததும் அவன் சிணுங்கி, இடம் பொருள் ஏவல் ஒன்றும் பார்க்காமல், அவள் பட்டுச்சீலை முழுவதையும் நனைத்துவிட்டான். இவ்வளவு பாடுபட்டு வந்தவளின் மடியிலேயே அவன் சர்வசுதந்திரமாகப் போனதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

இதுவரை வாசித்துக் காட்டினேன். விமலாராணி அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

“பட்டுச்சீலை இல்லீங்க டீச்சரம்மா. நூல் சீலைதான் கட்டியிருந்தேன். ஆடியில எந்தக் கல்யாணத்துக்குப் பட்டு கட்டறது?” என்றாள். “யானைய விடுங்க, அது பொய்யின்னு படிக்கறவங்களுக்கே தெரியும். ஆனா நாம மலையே ஏறலையே. கடைசி மண்டபத்துக்கிட்ட நான் எறங்கிட்டேன், நீங்களும் எறங்குனீங்க. வாட்ச்மேனைத் தேடிப் புடிச்சுக் கேட்டைத் தொறக்கறதுக்குள்ள பஸ்சு போயிருச்சு. சொட்டுத் தண்ணி குடிக்காம வந்ததுல எனக்குத் தலை சுத்தி, அந்தப் படியிலயே படுத்துட்டேன். நீங்கதான் கைத்தாங்கலா ஊட்டுக்குக் கூட்டியாந்தீங்க. கவுன் பை சீட்டுலயே இருந்துபோச்சு. நமக்காக ஸ்டாண்டுல நின்ன மாப்பளைகிட்டக் கண்டக்டர் பத்திரமா குடுத்துபோட்டாரு. கவுன் மட்டும் போய்ச் சேந்துதுங்க. அவனை நான் போன்லதான் பாத்தேன். தண்ணி ஊத்தறப்போ சிக்னல் போயிருச்சு.”

அவரைக்காயை மறுபடி கையில் எடுத்தாள்.

“ஏம்மா வரலைன்னு ஜோவிதா ஒரு வார்த்தை கேக்கலீங்க. அவளும் அதே பஸ்சுல போனவதான? கைப்புள்ளையோட அவ இங்க வராததும் அதுக்குத்தானுங்க. அப்படியே எழுதிபோடுங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு நான் போறேன், நீங்க வாரீங்களா?”